வெறுங்காலோட்டம்

ஓடுவதற்கும் ஓர் ஆசிரியர் வேண்டுமோ என்று வினவுவார் பலர். நீந்தக் கற்பிப்பார் உளர். பந்தாடக் கற்பிப்பார் உளர். சிலம்பம் சுழற்றக் கற்பிப்பாரும் உளர். ஓட்டம் மட்டும் ஒருவரும் கற்பியாமலே வருவதென்று நாம் எண்ணிவிடுகிறோம். தவழும் குழவி எழுந்து நின்று, தள்ளாடி நடந்து, ஒருநாள் தாயின் கைக்கு அகப்படாமல் ஓடிவிடுகிறது. அதற்குப் பாடஞ் சொன்னவர் யார்? ஆதலின், "உனக்கு ஓடத் தெரியாது" என்று ஒருவனை நோக்கிக் கூறினால் அவன் சினங்கொள்வது இயல்பே. அவ்வாறு சினங்கொண்டவர்களுள் யாமும் ஒருவர்.

எமக்கு ஓடத் தெரியாது என்னும் உண்மையை யாம் ஒப்புக்கொள்வதற்கு ஓராண்டுக் காலமும், காலில் ஓர் எலும்பின் வெடிப்பும் வேண்டியிருந்தன. நம் கலாசாலைத் தோழர் தோழியர் அத்துணை விலை கொடாமலே அதனை அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை வரையலானோம். பாதரட்சையின்றி ஓடும் முறை யாது, அதனைப் பழகுமாறு எங்ஙனம், அதற்கு ஆசிரியர் ஒருவர் ஏன் வேண்டும் என்னும் மூன்றுமே ஈண்டுக் கூறப்புகுவன. யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவரேயன்றி வைத்திய நூல் கற்றவரல்லேம். ஆயினும், பட்டறிந்ததையும், படித்தவற்றுள் ஐயமற்றவற்றையுமே கூறுவோம்.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுதல் முறை. முதலாண்டு வகுப்பில் சேர்ந்த காலத்தில், குதிகாலின் கீழ்த் தடித்த ரப்பர் வைத்த பாதரட்சை அணிந்து நாள்தோறும் மைதானத்தைச் சுற்றி ஓடுவது எமது வழக்கம். சில திங்களில் முழங்காலில் நோவு தோன்றிற்று. அந்நாளில் நூல்நிலையத்தில் ஒரு பழைய விளையாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகையில் அபெபே பிகிலா என்பவரின் வரலாறு எம் கண்ணில் பட்டது.

1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள் மாலையில் ரோமாபுரியில் ஒலிம்பிக் மராத்தான் ஓட்டம் நடைபெற்றது. அதன் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டருமாகும். எத்தியோப்பியச் சக்கரவர்த்தியின் மெய்காவற்படையைச் சேர்ந்த பிகிலா, பிற நாட்டார் பெரிதும் அறியாதவராய், வெறுங்காலுடன் வந்து நின்றார். கல் பாவிய தொன்மையான ஆப்பியன் சாலை வழியே, படைவீரர் ஏந்திய தீவர்த்திகளின் ஒளியில் ஓடிவந்து, கான்ஸ்டன்டைன் வளைவின் அருகே முடிவெல்லையை முதல்வராக எய்தினார். அவர்க்குச் சென்ற காலம் 2 மணி 15 நிமிஷம் 16 வினாடி. அத்தூரத்தை அதற்குமுன் அத்துணை விரைவில் ஓடியவர் எவருமிலர். எத்தியோப்பியா பெற்ற முதல் ஒலிம்பிக் பொற்பதக்கமும் அதுவே.

இதனைப் படித்தபின் எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையிலேயே பாதரட்சையைக் கட்டிலின் கீழ்த் தள்ளிவிட்டு, மைதானத்தை எட்டு முறை சுற்றினோம். உள்ளங்கால் எரிந்தது, அது வீரத்தின் அடையாளமென்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் கல்லாயிற்று, அதனையும் பொருட்படுத்தினோமில்லை. பதினாறாம் நாள் வலக்காலின் இரண்டாம் விரலுக்குப் பின்னே, பாதத்தின் நடுவில், ஊசி கொண்டு குத்தினாற்போன்ற நோவு எழுந்தது. விடுதிப் படிக்கட்டில் சுவரைப் பற்றிக்கொண்டே ஏறினோம். வைத்தியர் அழுத்திப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்து, எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகியிருக்கிறதென்றும், ஆறு வாரம் ஓடலாகாதென்றும் கூறினார். அவ்வாண்டு விளையாட்டு விழாவில் எம் வகுப்பின் சார்பாக 1500 மீட்டர் ஓடவேண்டியவர் யாம். பந்தலின் கீழ் நாற்காலியில் அமர்ந்து பிறர் ஓடக் கண்டோம். எமக்குப் பதிலாக ஓட எவரும் முன்வராமையால் எம் வகுப்பின் இடம் வெறுமையாகவே இருந்தது. காலின் நோவினும் அதுவே எமக்குப் பெருநோவாயிற்று.

நிற்க. யாம் படித்த வரலாற்றில் யாம் கவனியாது விட்ட பகுதி ஒன்று உண்டு. பிகிலா ஒருநாள் எழுந்து பாதரட்சையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியவரல்லர். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஒன்னி நிஸ்கானன் என்னும் பயிற்சியாளர் அவரது ஓட்டத்தைக் கண்காணித்துத் திருத்திவந்தார். வெறுங்காலோட்டமும் அப்பயிற்சியில் ஒரு பகுதியாக இருந்தது. ரோமாபுரியில் கிடைத்த புதிய பாதரட்சை காலுக்குப் பொருந்தாமற் போகவே, முன்னரே பழகிய முறையில் வெறுங்காலுடன் ஓடுவதென்று முடிவு செய்தனர். இன்னும் ஒன்று: 1964ஆம் ஆண்டில் தோக்கியோ நகரில் அவர் மறுபடியும் அவ்வோட்டத்தில் வென்றார். குடல்வால் அறுவை நிகழ்ந்து சில வாரங்களே கழிந்திருந்தன. அப்போது அவர் காலில் பாதரட்சை இருந்தது. சென்ற காலமோ 2 மணி 12 நிமிஷம் 11 வினாடி, முன்னதினும் குறைவு. ஆகவே ரோமாபுரியில் வென்றது வெறுங்காலுமன்று, தோக்கியோவில் வென்றது பாதரட்சையுமன்று. இரண்டிடத்தும் வென்றது பழகிய ஓட்டமே என்பது தெளிவாகும்.

இனி, பழகிய ஓட்டமென்பது யாது? மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும், முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. இவை கல் வளைவைப்போல ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. உடலின் பாரம் ஏறும்போது அவ்வளைவு சிறிது தாழ்ந்து, பாரம் நீங்கும்போது வில்லைப்போல் மீள்கிறது. குதிகாலின் பின்னுள்ள தடித்த நரம்பும் கெண்டைக்காற் சதையும் அவ்வாறே நீண்டு சுருங்கி, தரையில் விழும் உடலை ஏந்தி முன்னே செலுத்துகின்றன. இவ்விரண்டு விற்களும் தொழில் செய்வதற்குக் கால் தரையில் விழும் முறை சரியாக இருத்தல் வேண்டும்.

தடித்த குதியுள்ள பாதரட்சை அணிந்து ஓடுவோர் பெரும்பாலும் காலை முன்னே நீட்டிக் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். இத்தகைய தடித்த ஓட்டப் பாதரட்சைகள் உலகில் பரவியது 1970ஆம் ஆண்டிற்குப் பின்னரே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தானியேல் லீபர்மனும் அவரைச் சேர்ந்தோரும் கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுவோரை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். வெறுங்காலுடன் ஓடுபவன் குதிகாலை முதலில் ஊன்றினால், வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் உடலின் எடையைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கான மோதல் காலில் ஏறுகிறது. வெறுங்காலுடன் ஓடியே பழகியவரோ முன்பாதத்தையோ பாதத்தின் நடுவையோ முதலில் ஊன்றுவதனால், தரை கடினமாயினும் அத்தகைய திடீர் மோதல் அவர்க்கு நிகழ்வதில்லை என்று கண்டனர்.

இதனால், பாதரட்சையைக் கழற்றிய அளவில் நல்ல ஓட்டம் தானே வந்துவிடும் என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. வடகென்யாவில் எப்பொழுதும் வெறுங்காலராய் வாழும் தாசனாச் என்னும் மக்களை ஆராய்ந்தவர்கள் 2013ஆம் ஆண்டில் வேறொன்று கண்டனர். நெடுந்தொலைக்கு ஏற்ற இயல்பான வேகத்தில் ஓடுகையில் அம்மக்களுள்ளும் பெரும்பாலோர் குதிகாலையே முதலில் ஊன்றினர்; வேகம் மிகமிக முன்பாதம் ஊன்றுவோர் மிகுந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த மற்றோர் ஆராய்ச்சியில், பத்து வாரத்திற்குள் மிக மெல்லிய பாதரட்சைக்கு மாறிய ஓட்டக்காரருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பாதத்தெலும்பினுள் காயத்தின் அறிகுறி காணப்பட்டது. எமக்கு நேர்ந்தது இதுவே அன்றோ! பாதரட்சை எமது பிழையைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தது. யாம் பஞ்சை நீக்கினோமேயன்றிப் பிழையை நீக்கினோமில்லை.

கால் ஆறிய பின்னர், வெட்கத்துடன் நம் கலாசாலைத் தேகப்பயிற்சி ஆசிரியரிடம் சென்றோம். "ஐயா, நான் வெறுங்காலுடன் ஓடலாமா?" என்று வினவினோம். "தம்பி, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நீ ஓடுவதை நான் பார்க்கவேண்டும்" என்றார். சிமெண்டுப் பாதையில் ஐம்பது மீட்டர் ஓடச் செய்து, தம் கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். அதில் எம்மைக் கண்டபோது வேறொருவரைக் காண்பதுபோல் இருந்தது. கால் உடலுக்கு ஒரு முழம் முன்னே நீண்டு, முழங்கால் விறைத்து, குதி தரையை அறைந்தது. தலை குனிந்திருந்தது, தோள்கள் காதுவரை எழுந்திருந்தன. யாம் நிமிர்ந்து, மெல்ல, மானைப்போல் ஓடுவதாகவே அதுவரை எண்ணியிருந்தோம்.

அன்று முதல் நடந்த பாடங்களை வரிசையாகக் கூறுவோம்.

முதற்பாடம் ஓட்டமே அன்று. மூன்று வாரம் வரை வெறுங்காலுடன் நடத்தல், ஒற்றைக்காலில் நிற்றல், படியின் விளிம்பில் நின்று குதியை உயர்த்தித் தாழ்த்துதல், தரையில் விரித்த துணியைக் கால்விரல்களால் சுருட்டி இழுத்தல் ஆகிய இவையே எமக்கு இடப்பட்டன. இவை சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றின. ஆனால் ஒற்றைக்காலில் அரை நிமிஷம் அசையாது நிற்க எம்மால் இயலவில்லை. பல்லாண்டு பாதரட்சைக்குள் உறங்கிய சிறு தசைகள் விழித்துக்கொள்ள அத்தனை நாள் வேண்டுமென்று ஆசிரியர் கூறினார்.

இரண்டாம் பாடம் கயிற்றாட்டம். சிறுமியர் தாண்டும் கயிற்றை எம் கையில் கொடுத்து நூறு முறை தாண்டச் சொன்னார். தாண்டி முடித்தபின், "எந்தப் பாகம் முதலில் தரையில் பட்டது?" என்று கேட்டார். முன்பாதம் என்றோம். "குதிகாலில் குதித்துக் கயிறு தாண்டுவார் எவருமில்லை. உன் காலுக்கு அந்த வித்தை தெரிந்தே இருக்கிறது. ஓடும்போது மறந்துவிடுகிறது" என்றார். கயிறு தாண்டியவாறே சிறிது சிறிதாக முன்னே நகரும்படி செய்து, பின்னர்க் கயிற்றை வாங்கிக்கொண்டார். அவ்வாறு நகர்ந்த பத்தடியே யாம் முறையாக ஓடிய முதற் பத்தடி.

மூன்றாம் பாடம் கால் விழும் இடம். காலை முன்னே எறிந்து தரையைப் பற்றி இழுத்தல் கூடாது. முழங்கால் சிறிது மடிந்திருக்க, கால் உடலின் நேர்கீழே விழவேண்டும். சிறுவிரலின் பக்கமாக முன்பாதம் முதலில் படும். உடனே பெருவிரற் பக்கமும் படியும். அதன்பின் குதிகால் மெல்லத் தரையைத் தொடும். இங்குதான் பலர் தவறுகின்றனர். குதியை ஊன்றலாகாது என்று கேட்டவுடன், அதனைத் தரையில் படவே விடாமல் நுனிக்காலில் ஓடத் தொடங்குகின்றனர். அதனால் கெண்டைக்காலும் குதிநரம்பும் ஓய்வின்றி இழுபட்டு நோவடைகின்றன. முன்பாதத்தெலும்புகளில் பாரம் முழுதும் ஏறுகிறது. எமது எலும்பு வெடித்தமைக்கும் இதுவே காரணமென்று ஆசிரியர் கருதினார். உள்ளங்கால் எரிச்சலால் யாம் குதிகாலுக்கு அஞ்சி நுனிக்காலில் ஓடியிருந்தோம். குதி கடைசியில் வரவேண்டுமேயன்றி, வராமல் இருத்தல் கூடாது.

நான்காம் பாடம் அடியின் எண்ணிக்கை. வலக்கால் தரையில் படுவதை அரை நிமிஷம் எண்ணச் செய்தார். முதல் நாள் முப்பத்தெட்டு வந்தது; அஃதாவது நிமிஷத்திற்கு இரு காலாலும் 152 அடி. அதனைச் சிறிது சிறிதாக நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு வரை உயர்த்தினார். அடியைக் குறுக்கினால் எண்ணிக்கை மிகும். எண்ணிக்கை மிகுந்தால் கால் முன்னே நீள நேரமில்லாமற் போய், தானே உடலின் கீழ் விழும். யாப்பிலக்கணம் பயிலும் எமக்கு இது எளிதில் விளங்கிற்று. அடியை நீட்டுவதனால் பாட்டுச் சிறப்பதில்லை. சீர் பிறழாமல் வருவதே வேண்டுவது. இதனை யாம் ஆசிரியரிடம் கூறியபோது அவர் நகைத்து, "அப்படியானால் இனித் தளை தட்டாமல் ஓடு" என்றார்.

ஐந்தாம் பாடம் உடலின் நிலை. தலை நிமிர்ந்து, கண் இருபது முப்பது அடிக்கு அப்பால் நோக்கவேண்டும். இடுப்பில் வளையாமல், கணுக்கால் முதல் தலைவரை ஒரே கோடாகச் சிறிது முன் சாய்தல் வேண்டும். முழங்கை மடிந்து, கைவிரல்கள் தளர்ந்து, தோள் தாழ்ந்திருத்தல் நன்று. காலால் தரையை உதைத்துத் தள்ளுவதினும், பட்ட காலை உடனே மேலே எடுப்பதில் கருத்தூன்றவேண்டும்.

ஆறாம் பாடம் ஒலி. நல்ல ஓட்டத்தில் ஒலி குறைவு. தன் காலடியோசை தனக்கே பெரிதாகக் கேட்குமாயின் எங்கோ பிழையுண்டு என்று அறியலாம். இதன் பொருட்டே ஆசிரியர் முதலில் எம்மை மணலிலும் புல்லிலும் ஓடவிடாமல், கூட்டிச் சுத்தம் செய்த சிமெண்டுப் பாதையில் ஓடவிட்டார். மென்மையான தரை பாதரட்சையைப் போலவே பிழையை மறைத்துவிடும். கடினமான தரையோ உடனே சொல்லிவிடும். ஆனால் ஓடிய தூரம் மிகச் சிறிது என்பதை மறக்கலாகாது. முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் 400 மீட்டருக்கு மேல் ஓட எமக்கு அனுமதி இல்லை. பின்னர் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கூட்டினார். எஞ்சிய ஓட்டத்தைப் பழைய பாதரட்சையுடனே, ஆனால் புதிய முறையில், ஓடச் சொன்னார். கெண்டைக்கால் சிறிது வலித்தல் இயல்பு. எலும்பிலோ குதிநரம்பிலோ நோவு தோன்றினால் அன்றே நிறுத்தவேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை.

இனி, இப்பயிற்சியில் எமக்குக் கண்ணாடிபோல் விளங்கிய தோழர் ஒருவரைப் பற்றிக் கூறாதிருத்தல் தகாது. அவர் கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து முதலாண்டு வகுப்பில் சேர்ந்தவர். பள்ளிக்கு நாள்தோறும் நடந்தும் ஓடியும் சென்றவர். ஆடு மேய்க்கையில் நெருஞ்சி முள்ளைக் கண்ணாலே விலக்கி ஓடப் பழகியவர். ஆயினும் எம் மைதானத்திற்கு அவர் வருவதேயில்லை. மாலை வேளையில் வேலியருகே நின்று பார்த்துவிட்டுச் சென்றுவிடுவார். ஒருநாள் காரணம் வினவினோம். "அண்ணே, என்னிடம் ஷூ இல்லை. எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள்" என்று தலைகவிழ்ந்து சொன்னார். பாதரட்சையை வெறுத்து எறிந்தமை எமக்கு விளையாட்டு. அஃது இல்லாமையோ அவர்க்கு வெட்கம். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை அன்றுவரை யாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆசிரியரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவர் ஓடியதைப் படம் பிடித்துக் காட்டியபோது மைதானத்தில் இருந்தோர் வாய் மூடி நின்றனர். கால் உடலின் கீழ் விழுந்தது, குதி கடைசியில் தொட்டது, ஒலியே இல்லை. "இவ்வாண்டு முழுதும் நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றதைத்தான் இத்தம்பி ஓடிக் காட்டுகிறார்" என்றார் ஆசிரியர். பின்னர் அவரை நோக்கி, 1911ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் வெள்ளையர் படையணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயம் பெற்றபோது, பதினொருவரில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடனே ஆடினர் என்பதையும், ஓட்டத்தில் புரூஸ் தல்லோ என்னும் ஆங்கிலேயர் 1962ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் 5000 மீட்டர்ப் பட்டத்தை வெறுங்காலுடன் வென்றார் என்பதையும் எடுத்துரைத்தார். அன்று முதல் அத்தோழர் வேலியருகே நிற்கவில்லை.

இக்கதை இதனோடு முடிந்திருந்தால், வெறுங்காலே சிறந்ததென்று கூறிக் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் கலாசாலைகளுக்கிடையிலான போட்டிக்கு அத்தோழர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது வெயிலில் கொதிக்கும் செயற்கை ஓடுபாதையில் நடப்பது. பழைய மாணவர் சிலர் அன்புடன் அவர்க்குப் புதிய ஓட்டப் பாதரட்சை வாங்கிக் கொடுத்தனர். அதனை அணிந்த முதல் வாரத்திலேயே அவர் ஓட்டம் மாறிவிட்டது. அடி நீண்டது, குதி முதலில் விழுந்தது, எமக்குப் பழக்கமான அந்த அறையும் ஓசை அவர் காலிலிருந்தும் கேட்டது. மூன்றாம் வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். ஒலியின்றி ஓடியவர், தாம் எவ்வாறு ஓடினோம் என்பதை அறியாமலே ஓடியிருந்தமையால், இழந்ததை மீட்கும் வழியும் அறியாதிருந்தார். ஆசிரியர் அவர் கையிலும் கயிற்றைக் கொடுத்தார். எமக்கு நடந்த பாடங்கள் அவ்வளவும் அவர்க்கும் நடந்தன; யாம் அருகில் நின்று எண்ணிக்கை சொன்னோம்.

ஆசிரியர் ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை இதுவே. தன் எழுத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குப் புலப்படாதவாறு போல, தன் அடியில் உள்ள பிழையும் புலப்படுவதில்லை. தெரியாதவன் தெரிந்ததாக எண்ணுகிறான்; தெரிந்தவனோ தனக்குத் தெரிந்தது இன்னதென்று அறியாதிருக்கிறான். இருவர்க்கும் புறத்தே நின்று பார்க்கும் கண் ஒன்று வேண்டும். நூல்களைப் படித்துப் பயன் கொள்ளலாம். ஆனால் நூல் நம்மைப் பார்ப்பதில்லை.

பழகப் புகுவோர்க்குச் சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமை. நீரிழிவு நோயினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலோட்டத்தை மேற்கொள்ளலாகாது. காயம் பட்டதே அவர்க்குத் தெரியாமற் போகும். பாதத்திலோ குதிநரம்பிலோ முன்னரே நோயுடையவர் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். ஆணியும் கண்ணாடித்துண்டும் கிடக்கக்கூடிய தெருவில் ஓடலாகாது. தரையைக் கண்ணால் ஆராய்ந்த பின்னரே ஓடவேண்டும். வில்வாத சன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குரிய தடுப்பூசியை முறைப்படி இட்டுக்கொண்டிருத்தல் நன்று. மலசுத்தம் இல்லாத ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். அவை பாதத்தின் தோல்வழியே உடலினுட் புகுந்து இரத்தச் சோகையை உண்டாக்கும். அத்தகைய இடங்களை அறவே விலக்கவேண்டும். நண்பகல் வெயிலில் சுட்ட தாரிலும் சிமெண்டிலும் ஓடினால் கொப்புளம் எழும். காலையும் மாலையுமே தக்க காலங்கள். ஓடியபின் பாதத்தைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, கீறலுண்டோ என்று பார்த்தல் வேண்டும்.

பழந்தமிழ் நூல்களில் செருப்பிற்குத் தொடுதோல் என்றும், அடிபுதை அரணம் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. அரணென்பது பகை வரும்போது புகுந்துகொள்வதற்குரியது. முள்ளும் வெயிலும் உள்ள இந்நாட்டில் நம் முன்னோர் அதற்கு அப்பெயர் இட்டது பொருத்தமே. பாதரட்சையை யாம் இன்று பகையாக எண்ணுவதில்லை. பந்தயத்தில் அணிகிறோம், கல் நிறைந்த பாதையிலும் அணிகிறோம். வாரத்தில் மூன்று நாள் சிமெண்டுப் பாதையில் சிறிது தூரம் அதனைக் கழற்றி ஓடுவது, எமது ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று எமது கால் எமக்குச் சொல்லும் பொருட்டேயாம்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவில் எம் வகுப்பின் இடம் வெறுமையாக இருக்கவில்லை. 1500 மீட்டரில் பதினொருவர் ஓடினர். யாம் ஐந்தாவதாக வந்தோம். பரிசு ஒன்றும் இல்லை. ஆனால் முழங்கால் நோவவில்லை, பாதமும் நோவவில்லை, இறுதிச் சுற்றில் எம் காலடியோசையைக் காட்டிலும் எம் மூச்சே பெரிதாகக் கேட்டது. மேற்சொன்ன தோழர் இரண்டாவதாக வந்தார். கலாசாலைகளின் போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தமையால், புதிய பாதரட்சையை அணிவதா கழற்றுவதா என்று அன்று காலைவரை அவர் முடிவு செய்யவில்லை. ஆசிரியர், "எதுவாயினும் சரி, முதல் நூறு மீட்டரில் உன் அடியை எண்ணு" என்று மட்டும் சொன்னார். அவர் அணிந்துகொண்டே ஓடினார், எண்ணிக்கொண்டும் ஓடினார்.

இதனைப் படித்து விருப்பங்கொள்ளும் தோழர் தோழியர், செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு மைதானத்தின் மேற்குப் பாதைக்கு வரலாம். பாதரட்சை உள்ளவரும் வரலாம், இல்லாதவரும் வரலாம். நம் ஆசிரியர் எவரையும் மறுக்கமாட்டார். ஆனால் முதல் மூன்று வாரம் எவரையும் ஓடவும் விடமாட்டார். அதற்கு ஒருப்பட்டு, கைக்கு ஒரு தாண்டுகயிறு கொண்டு வருவார்களாக.